கியர்பாக்ஸில் பாதி ஆயில்

வேன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. தொட்டி நிறைய ரத்தம்.

மைக்குக்கு அப்படித்தான் தோன்றியது. தகரக் கொட்டகையின் வாசலைத் தாண்டாமல் நின்றுவிட்டான்.

"அண்ணி, நான் வெளியில காவலுக்கு நிக்கறேன். யாராவது ஒருத்தர் நிக்கணும் இல்லையா?"

சர்வேயர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து, ஒரு விரலைத் தொட்டிக்குள் விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து முகர்ந்தாள்.

"ரத்தத்துல கருகின வாசனை வராது மைக். இது கியர்பாக்ஸ் ஆயில். ஆட்டோமேட்டிக் வண்டியோடது. புதுசுல செக்கச்செவேல்னு இருக்கும். ஓடி ஓடித் தேஞ்சா இந்த நிறத்துக்கு வந்துடும்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? ஆயிலுக்கெல்லாம் நான் பயப்படறதே இல்ல" என்று உள்ளே வந்தான்.

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவள் அல்ல. பல வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது விபத்து மாதிரி என்று எழுதிக் கொடுத்தவள். கம்பெனிகளுக்குப் பிடிக்காத உண்மைகளை அடிக்கடி எழுதியதில் அந்த வேலை போய், துப்பறிகிற வேலை வந்து சேர்ந்தது. மைக் அவள் கணவனின் தம்பி. பொருட்காட்சி மைதானத்தில், 'நீலச் சட்டை அணிந்த குழந்தை ஒன்று மேடையருகே அழுதுகொண்டிருக்கிறது' என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தவன். பட்டப்பெயர் அங்கே வந்தது. காணாமல் போனவர்களைக் கண்டுபிடிப்பதில் அண்ணியைவிடத் தனக்கே முன் அனுபவம் அதிகம் என்பது அவன் கட்சி.

இன்றைக்குக் காணாமல் போயிருந்தவர் குழந்தையல்ல. ஐம்பதை எட்டிய ஒரு லாண்டரிக்காரர். ஆஸ்பத்திரிகளிலிருந்து அழுக்கு விரிப்புகளை எடுத்து வந்து வெளுத்துக் கொடுப்பவர். வீட்டின் பின்புறம்தான் தொழில். கொட்டகைக்கு அப்பால், கொடிகளில் வெள்ளை விரிப்புகள் வரிசை வரிசையாகத் தொங்கின. மழை வரப்போகிற மத்தியானம். காற்று செத்துக் கிடந்தது. ஒரு விரிப்பும் அசையவில்லை.

அவருடைய மனைவி சலவை மெஷினில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"காலையில அக்கா வீட்டுக்குப் போனேன் மேடம். மத்தியானம் வந்து பார்த்தா இவரும் இல்ல, வண்டியும் இல்ல. ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன். 'வண்டில போன மனுஷன் வண்டிலயே வந்துடுவாரும்மா'ன்னு சிரிக்கிறாங்க. அவர் போன்கூட எடுத்துட்டுப் போகல. எனக்கு உங்க ஞாபகம்தான் வந்தது."

மூன்று வருடம் முன்பு ஒரு லாரி இவர்கள் வண்டியை நசுக்கியபோது, தப்பு லாரியின் மேல்தான் என்று எழுதியவள் சர்வேயர். அந்த விபத்தில் லாண்டரிக்காரரின் இடது முழங்கால் நொறுங்கிப்போனது. அதன்பிறகு கிளட்ச் மிதிக்க அந்தக் கால் உதவவில்லை. கிளட்சே இல்லாத இந்த ஆட்டோமேட்டிக் டீசல் வேனைப் பழையதாகப் பார்த்து வாங்கினார்.

"ஆயில் மாத்தறதை வீட்டுல ஏன் வச்சுக்கிட்டார்? ஒர்க்‌ஷாப்ல விட்டிருக்கலாமே?"

"விட்டுப் பார்த்தார் மேடம். 'இந்த ஆயிலை மாத்தவே வேண்டாம், ஆயுசுக்கும் வரும்'னு சொன்னாங்களாம். 'யார் ஆயுசுக்கு?'ன்னு கேட்டுட்டு வண்டியைத் திருப்பிட்டு வந்துட்டார். கொஞ்ச நாளாவே வண்டி உதைக்குது. ரிவர்ஸ்லேர்ந்து டிரைவுக்குப் போட்டா சும்மா இருந்துட்டு டமால்னு விழும். பிரேக்ல இருக்கிற கால் வரைக்கும் அந்த உதை வரும். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, நானே மாத்திடறேன்னார்."

சர்வேயர் தலையை நிமிர்த்தி அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

வண்டியை ஏற்றி நிறுத்துகிற இரண்டு இரும்புச் சாய்வுகள். படுத்துக்கொண்டு வேலை செய்ய ஒரு பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி. அதன்மேல் முதுகின் வியர்வைத் தடம். நீளமான குழாய் செருகிய புனல். ஸ்பேனர். சுவரோரம் புது ஆயில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. மைக் ஒவ்வொன்றையும் தூக்கிக் குலுக்கிப் பார்த்தான்.

"நாலுதான் காலி அண்ணி. மீதி நாலும் சீல்கூட உடைக்கல."

"தொட்டில இருக்கிறது எவ்வளவு?"

"ஒரு கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம்."

"அப்போ வெளிய வந்தது நிறைய. உள்ள போனது கொஞ்சம். அந்த லட்சணத்துல வண்டியை எடுத்துட்டுக் கிளம்பியிருக்கார்."

"இல்ல, எவனோ கிளப்பிட்டுப் போயிருக்கான்" என்றான் மைக், குரலைத் தாழ்த்தி. லாண்டரிக்காரரின் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சர்வேயர் அட்டைப்பெட்டியின் ஓரத்திலிருந்து ஒரு நீளமூக்கு இடுக்கியை எடுத்தாள். "மைக், ஆயில் மாத்த என்னென்ன வேணும்?"

"ஸ்பேனர், புனல், தொட்டி. அப்புறம் பொறுமை. அதனாலதான் நான் மாத்தறதில்ல."

"இது எதுக்கு?"

இடுக்கியின் பல்லில் ஏதோ சிக்கியிருந்தது. அவள் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஆரஞ்சு நிற நூல். இரண்டு மூன்று இழை. கூடவே கண்ணாடித் தூள் மாதிரி மினுமினுக்கிற ஏதோ ஒரு துணுக்கு.

"வண்டிக்கு அடியில என்னவோ மாட்டியிருந்திருக்கு. படுத்துக்கிட்டே அதைப் பிடுங்கி எடுத்திருக்கார்" என்றாள் சர்வேயர். "தினம் ஓட்டுற வண்டிதான். ஆனா அதோட வயித்தை யாரும் பார்க்கிறதில்ல. இந்த மாதிரி ஆயில் மாத்தப் படுத்தாதான் தெரியும்."

"ஆரஞ்சு, மினுங்கும்..." மைக் யோசித்தான். "ரோட்டுல வேலை செய்யறவங்க போடற ஜாக்கெட் அண்ணி. இருட்டுல லைட் பட்டா பளிச்சுனு அடிக்குமே, அது."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே புரிந்தது.

லாண்டரிக்காரரின் மனைவி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"வண்டி கடைசியா எப்போ வெளிய போச்சும்மா?" என்றாள் சர்வேயர்.

"புதன்கிழமை... சாயங்காலம். அன்னிக்கு இவருக்குக் கடுங்காய்ச்சல். எழுந்திருக்கவே முடியல. ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போயாகணும். எப்பவாவது கூப்பிடற மாத்து டிரைவர் ஒருத்தர் இருக்கார். அவரை வரச்சொல்லி அனுப்பினேன். அதுக்கப்புறம் வண்டி இங்கயேதான் நின்னது."

"நீங்க ஓட்டுவீங்களா?"

"எனக்குக் கண்ணுல புரை மேடம். அடுத்த மாசம் ஆபரேஷன். இருட்டினா ரோட்டைக் கடக்கவே யார் கையையாவது பிடிச்சுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

மைக் அண்ணியின் காதருகே வந்தான். "முடிஞ்சுபோச்சு அண்ணி. மாத்து டிரைவர் புதன்கிழமை எவனையோ அடிச்சுட்டு, மூச்சுக்காட்டாம வண்டியைக் கொண்டுவந்து விட்டுட்டான். இவர் இன்னிக்கு அடியில படுத்தப்போ துணியைப் பார்த்துட்டு, அவனைக் கூப்பிட்டு ஏன்டான்னு கேட்டிருக்கார். அவன் வந்து இவரையும் வண்டியையும் சேர்த்து அள்ளிட்டுப் போயிட்டான். போன் எங்க? கடைசிக் கால் யாருக்குன்னு பாருங்க. நான் சொன்னது இல்லைன்னா மீசையை எடுத்துடறேன்."

"உனக்கு மீசையே இல்லையே?"

"அந்த தைரியத்துலதான் சொல்றேன்."

போன் ஜன்னல் விளிம்பில், புது ஆயில் டப்பா வந்த அட்டைப்பெட்டியின் மேல் இருந்தது. கடைசி அழைப்பு காலையில் போனது. மாற்று டிரைவருக்குத்தான்.

மைக் நெஞ்சை நிமிர்த்தினான். சர்வேயர் அந்த எண்ணை அழுத்திவிட்டு, காதில் வைத்தபடி விரிப்புகளுக்கு நடுவே நடந்து போனாள். வெள்ளைத் துணிகளுக்குப் பின்னால் அவள் நிழல் மட்டும் தெரிந்தது. அதிகம் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"என்ன சொன்னான்?"

"வீட்டுல பேரப்பிள்ளைக்கு மொட்டை மாடியில சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்துட்டு இருக்கார்."

"நல்லா நடிக்கிறான்!"

அவள் கொட்டகையின் இரும்புத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணியில் ஒரு முழங்கால் பெல்ட் தொங்கியது. தோலும் ரப்பரும் சேர்த்துத் தைத்த, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்த, கனமான பெல்ட். உள்பக்கம் வியர்வையில் கறுத்திருந்தது.

"அம்மா, வீட்டைப் பூட்டிட்டு வாங்க. நீங்களும் எங்ககூட வரணும்."

அவள் உள்ளே போனதும் சர்வேயர் மைக்கின் முழங்கையைப் பிடித்தாள்.

"அந்த பெல்ட் இல்லாம அவரால பத்தடி நடக்க முடியாது. க்ளெய்ம் சமயத்துல நானே பார்த்திருக்கேன். வண்டி ஓட்ட இடது கால் வேணாம், அதனால ஓட்டும்போது கழட்டி வச்சுப்பார். ஆனா எங்க போனாலும் கூடவே எடுத்துட்டுத்தான் போவார். இறங்கினா நடக்கணும் இல்லையா?"

"ஆமா."

"இன்னிக்கு எடுத்துட்டுப் போகல."

மைக்குக்கு அது புரிய இரண்டு மூச்சு பிடித்தது.

"இறங்கப் போறதில்லைன்னு நினைச்சுட்டாரா?"

"தூரமாப் போறவன் இவ்வளவு கொஞ்சம் ஆயிலோட கிளம்ப மாட்டான். இதை விலை கொடுத்து வாங்கி வச்சவருக்கு அது நல்லாவே தெரியும். இங்கேர்ந்து ஏதோ ஒரு இடம் வரைக்கும் போனா போதும்னு ஊத்தியிருக்கார். திரும்பி வர்றதுக்கு ஊத்தல."

"மாத்து டிரைவர் செஞ்ச தப்புக்கு இவர் எதுக்கு அண்ணி சாகணும்?"

"வண்டில ஏறு. ஏறிக்கிட்டே ஸ்டேஷனுக்குப் போன் போடு. நம்ம இன்ஸ்பெக்டரைப் பிடி. புதன்கிழமை சாயங்காலம், ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட யாரையாவது வண்டி அடிச்சதா கேள்."

சர்வேயரின் பழைய கார் வாசலில் இருமிக்கொண்டே கிளம்பியது. லாண்டரிக்காரரின் மனைவி பின் சீட்டில், கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. எங்கே போகிறோம் என்றுகூட.

கொட்டகை வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கும் சிமென்ட் சரிவில் ஒரு சிவப்புச் சொட்டு. தெருவில் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பழைய ஆயிலின் கறுஞ்சிவப்பு இல்லை. புதுசு.

"அடி போல்ட்டைச் சரியா முறுக்கல" என்றாள் சர்வேயர். "அவசரத்துல விட்டிருக்கார்."

மைக் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வழி சொன்னான். "நேரா... நேரா... பால் பூத்தைத் தாண்டி ஒரு சொட்டு... ஸ்கூல் சுவரோரம் ஒண்ணு... அண்ணி, இன்ஸ்பெக்டர் பார்த்துட்டுக் கூப்பிடறாராம். சாப்பிட்டுட்டு இருக்கார் போல, ஏப்பம் மட்டும் தெளிவா கேட்டுது."

அவனைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. அவனும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

முதல் மழைத்துளி கண்ணாடியில் விழுந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. தெரு கண்ணெதிரே கறுத்தது.

"போச்சு! எல்லாம் கழுவிட்டுப் போகுது."

ஊர் முடிகிற இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் நெடுஞ்சாலை, லாரிகள், ஆள் நடமாட்டம். இடது பக்கம் ஒரு குறுகலான தார் ரோடு. அதில் எதுவும் வரவில்லை, எதுவும் போகவில்லை. சர்வேயர் காரை நிறுத்தினாள். தரை முழுவதும் தண்ணீர். சொட்டு எதுவும் மிச்சமில்லை.

"காசு சுண்டிப் பார்க்கலாமா?" என்றான் மைக். அவன் குரலில் கேலி இல்லை.

"ரெண்டு பக்கமும் வேகத்தடை இருக்கு பார். அடியில ஒழுகுற வண்டி மெதுவாப் போனா சொட்டும். வேகத்தடையில குதிச்சா?"

மைக் காரிலிருந்து பாய்ந்து இறங்கினான். வலது பக்க வேகத்தடைக்கு ஓடினான், குனிந்தான், கையை விரித்தான். இடது பக்கம் ஓடினான். வேகத்தடையின் மறுபக்கத்தில் மண்டியிட்டு, சட்டையெல்லாம் நனைய, எதையோ பார்த்தான். பிறகு கையைத் தூக்கிக் காட்டினான். மழைத் தண்ணீரின் மேல் ஒரு கையகலத்துக்கு எண்ணெய் மினுமினுத்தது. வானவில் நிறத்தில், ஓரத்தில் மட்டும் சிவந்து.

"இந்த ரோடு எங்கம்மா போகுது?" என்று சர்வேயர் பின்னால் திரும்பிக் கேட்டாள்.

"கல்குவாரிக்கு" என்றாள் அந்தப் பெண். "மூடிட்டாங்க. இப்ப அங்க தண்ணிதான் இருக்கு."

அதற்குமேல் சர்வேயர் கியர் மாற்றிய வேகத்தில் காரின் கதவுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டன.

"அண்ணி, பாதி ஆயில்ல வண்டி குவாரி வரைக்கும் போகுமா?"

"சமதரையில போகும். ஆட்டோமேட்டிக் கியருக்கு ஆயில்தான் தசை. அது அழுத்திப் பிடிச்சாதான் கியரே விழும். கம்மியா இருந்தா, சூடு ஏற ஏற வழுக்கும். மேடு வந்தா இருக்கிற ஆயிலும் பின்பக்கம் ஒதுங்கிடும். அப்புறம் எஞ்சின் கத்தும், வண்டி நகராது."

"எங்க சித்தப்பா மாதிரி."

"ஆனா ஒண்ணு. சூடு ஆறிட்டா மறுபடியும் கொஞ்சம் பிடிக்கும்."

குவாரியின் இரும்பு கேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து திறந்து கிடந்தது. உள்ளே கல் உடைக்கிற மெஷினின் துருப்பிடித்த எலும்புக்கூடு. அதைத் தாண்டி, கழிவுக் கல்லையும் மண்ணையும் கொட்டிக் கொட்டி உண்டான ஒரு நீண்ட மேடு. அந்த மேட்டின் உச்சியில் தரை முடிந்து வெறும் காற்று தொடங்கியது. அதற்குக் கீழே, எவ்வளவு ஆழம் என்று யாரும் அளந்து பார்க்காத பச்சைத் தண்ணீர்.

மேட்டின் முக்கால் உயரத்தில், மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு அந்த வெள்ளை வேன் நின்றிருந்தது.

எஞ்சின் ஓடவில்லை. மழை அதன் கூரைமேல் தாளம் போட்டது.

"காத்துட்டு இருக்கார்" என்றாள் சர்வேயர். "ஆறட்டும்னு."

மூவரும் இறங்கி மேட்டில் ஏறினார்கள். செருப்புக்கு அடியில் கல் சரிந்தது. வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு முகம் அசைந்தது. உடனே கதவுகள் பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி மட்டும் ஒரு விரல் அகலம் இறங்கியது.

"யாரும் கிட்ட வராதீங்க."

"சார், நான் சர்வேயர். உங்க கால் கேஸ் பார்த்தவ."

"தெரியுது மேடம். நீங்க வந்ததுக்கு நன்றி. அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க." குரல் அமைதியாக இருந்தது.

"என்னங்க!" என்று அவர் மனைவி கத்தினாள். "என்னங்க, இறங்குங்க! என்ன பண்றீங்க நீங்க?"

பதிலுக்கு எஞ்சின் உறுமியது. டீசல் புகை மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. லாண்டரிக்காரர் கியரை நகர்த்தினார். ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் கத்தியது, சக்கரம் அப்படியே இருந்தது. மைக் மூச்சுவிட்டான்.

அப்போது வண்டியின் வயிற்றுக்குள் 'டமால்' என்று ஒரு உதை.

வேன் நகர்ந்தது.

ஒரு முழம். இன்னொரு முழம். பின் சக்கரங்கள் கல்லைப் பின்னால் வீசின. உச்சிக்கு இன்னும் ஒரு வண்டி நீளம்கூட இல்லை. மைக் தன் தலை அளவு கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு, வாழ்க்கையில் ஓடாத ஓட்டம் ஓடினான்.

"அவர் சாகல!" சர்வேயர் தொண்டை கிழியக் கத்தினாள். "கேக்குதா? நீங்க இடிச்ச ஆள் சாகல! உயிரோட இருக்கார்!"

பின்விளக்குகள் சிவப்பாக எரிந்தன.

வேன் நின்றது. மைக் முன்சக்கரத்துக்கு முன்னால் கல்லை உருட்டிவிட்டு, இன்னொன்றைத் தேடி ஓடினான். எஞ்சின் சில கணங்கள் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு அணைந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுக்கிற கரகரப்பு. கதவு திறந்தது.

லாண்டரிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் கசங்கிய ஆரஞ்சுத் துணி ஒன்று கிடந்தது. குறுக்கே ஒரு மினுங்கும் பட்டை. பட்டையில் காய்ந்துபோன பழுப்புக் கறை.

"நிஜமாவா மேடம்? உயிரோட இருக்காரா?"

"முதல்ல இறங்குங்க."

மைக்கும் சர்வேயரும் தோள் கொடுத்து அவரை இறக்கினார்கள். இடது கால் கீழே பட்டதும் மடங்கியது. அவர் மனைவி ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எழுதிக்கங்க மேடம்" என்றார். "புதன்கிழமை வண்டி ஓட்டினது நான்தான். இருட்டுல தெரியல. இடிச்சுட்டேன். பயந்துட்டு வந்துட்டேன். வண்டியும் போய், ஓட்டினவனும் போயிட்டா, கேஸ் அதோட முடிஞ்சுடும்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

மைக் வாயைப் பிளந்தான். "அப்போ மாத்து டிரைவர்?"

"அவர் புதன்கிழமை வரவே இல்ல மைக்" என்றாள் சர்வேயர். "யாரும் அவரைக் கூப்பிடவே இல்லையாம். இன்னிக்குக் காலையில சார் போன் பண்ணி அவர்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கார். 'புதன்கிழமை என் வண்டியை எடுத்தியா?' இல்லைன்னதும் போனை வச்சுட்டார். தானே ஓட்டின ஆள் இன்னொருத்தன்கிட்ட ஏன் சார் அப்படிக் கேக்கணும்?"

லாண்டரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சர்வேயர் அவருடைய மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"வண்டி உதைச்சா பிரேக்ல இருக்கிற கால் வரைக்கும் வரும்னு நீங்கதான் சொன்னீங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துட்டுப் போறவங்களுக்கு அந்த உதை முதுகுலதான் தெரியும்மா. பிரேக்ல கால் வச்சிருக்கிறவங்களுக்குத்தான் கால்ல தெரியும்."

லாண்டரிக்காரர் தலையை நிமிர்த்தினார்.

"வாயைத் திறக்காத" என்றார் கணவர் மெல்ல. "உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ வீட்டுல இருந்த."

அவள் அவர் கையைத் தன் தோளிலிருந்து எடுத்து, அவரைப் பக்கத்துப் பாறையில் உட்கார வைத்தாள். நிதானமாக, காய்ச்சல்காரனைப் படுக்க வைக்கிற மாதிரி.

"நான்தான் ஓட்டினேன் மேடம். காய்ச்சல்ல அனத்திட்டு இருந்தார். விரிப்பு போகலைன்னா ஆஸ்பத்திரில திட்டுவாங்க. பக்கம்தானே, இருட்டறதுக்குள்ள வந்துடலாம்னு எடுத்துட்டுப் போயிட்டேன். திரும்பி வரும்போது மழை. எதிர்ல லாரி லைட்டு. ரோடு வேலை நடக்கிற இடத்துல... ஒரு சத்தம்தான் கேட்டுது. வண்டி ஒரு தடவை ஏறி இறங்குச்சு."

"நிறுத்தினீங்களா?"

"வேகத்தைக் குறைச்சேன். கண்ணாடில பார்த்தேன். எனக்கு என்ன தெரியும், எல்லாம் புகை மாதிரி இருந்தது. நாயா இருக்கும்னு நினைச்சேன்." அவள் நிறுத்தினாள். "இல்ல மேடம். நாயா இருக்கணும்னு நினைச்சேன். அதனால இறங்கல."

மைக்கின் சட்டைப்பையில் போன் அடித்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவன் எடுத்துப் பெயரைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர். காதில் வைத்தான்.

"சொல்லுங்க சார்... ஆமா, ஆரஞ்சு ஜாக்கெட்... கொடி காட்டுறவரா?... ஓ... எப்போ பார்த்தாங்க?... விடிஞ்ச பிறகா?... ராத்திரி பூராவுமா?" அவன் குரல் ஒவ்வொரு சொல்லுக்கும் இறங்கிக்கொண்டே போனது. ஆயிரம் பேர் கூடுகிற மைதானத்தில் அலுக்காமல் பேசுகிறவன், இப்போது ஒரு சொல்லுக்குத் தடுமாறினான். "சரி சார். லைன்லயே இருங்க."

போனைக் கீழே இறக்கி, அண்ணியைப் பார்த்தான். மெல்லத் தலையசைத்தான். இல்லை என்கிற மாதிரி.

லாண்டரிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். "உயிரோட இருக்கார்னு சொன்னீங்களே மேடம்?"

"சொன்னேன்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"தெரியாது சார். அந்த நேரத்துல உங்களை நிறுத்த என்கிட்ட வேற எதுவும் இல்ல."

அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சர்வேயர் அவருக்கும் வேனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். சாவி இப்போது அவள் கைக்குள் இருந்தது.

லாண்டரிக்காரரின் மனைவி மைக்கின் அருகே வந்து கையை நீட்டினாள்.

"குடு தம்பி."

"அக்கா, அவசரப்படாதீங்க. ஒரு வக்கீலைப் பார்த்துட்டு..."

"குடு."

அவன் கொடுத்தான். கணவர் பாறையிலிருந்து எழ முயன்றார். கால் ஒத்துழைக்கவில்லை. "வேணாம்! சொல்லாத! இங்க பாரு, சொல்லாத!" என்று கத்தினார். அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, மழை படாமல் போனைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"சார், புதன்கிழமை அவரை இடிச்சது எங்க வண்டி. ஓட்டினது நான்தான்... ஆமா, நான் ஒருத்திதான். எங்க வீட்டுக்காரர் காய்ச்சல்ல படுத்திருந்தார், அவருக்கு எதுவுமே தெரியாது... கல்குவாரில இருக்கோம். வாங்க சார், எங்கயும் போகமாட்டேன்."

மறுபக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். அவள் விலாசம் சொன்னாள். தெளிவாக, கடைக்காரரிடம் சொல்வதுபோல. பிறகும் போனை வைக்கவில்லை.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா? இடிச்ச உடனே அவர் போயிட்டாரா? இல்ல, ரொம்ப நேரம் அங்கயே கிடந்தாரா?"

பதில் என்னவென்று மைக்குக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்க்க தைரியம் இல்லாமல், அவன் திரும்பி அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.